இரண்டு பெட்டிகளும் ஆயம்மாள் காதும்

போடி கடைத்தெருவில் சின்னமுத்துவின் ரேடியோக் கடைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். நயா பைசா வந்த வருஷம், ஒரு சனிக்கிழமை காலை, மொக்கச்சாமி அந்தக் கடைக்குள் உட்கார்ந்திருந்தார். குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் அவர் மேஸ்திரி. வாரம் முழுக்க மலையில் கிடந்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடியில் இருக்கும் வீட்டுக்கு இறங்குவார், திங்கட்கிழமை காலை ஏறுவார். மலையில் அவர் ஒரு அதட்டல் போட்டால் அறுபது பேர் குனிந்த தலையை நிமிர்த்த மாட்டார்கள். இங்கே சின்னமுத்து சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். ரேடியோவைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

ரேடியோ தோட்டத்து மானேஜருடையது. வேலையை விட்டுப் போகும்போது அவர் அதை மேஸ்திரியின் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். மேலுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. குமிழைத் திருகினால் விளக்கும் எரிந்தது. சத்தம் மட்டும் தொண்டை கட்டியவன் இருமுவது போலக் கரகரவென்று வந்தது.

"செட்டு நல்லாத்தேன் இருக்குண்ணே. உள்ள இருக்குற ஸ்பீக்கர்ல காகிதத்தை எலி தின்னுருச்சு. வெளிய ஒரு பெட்டி வச்சு ஒயர் இழுத்துட்டா சோலி முடிஞ்சது. ரெண்டு பெட்டி கையில இருக்கு, கேட்டுப் பாருங்க" என்றான் சின்னமுத்து.

இரண்டும் அவனே தச்சனை வைத்துச் செய்த ஸ்பீக்கர் பெட்டிகள். ஒன்று முழங்கால் உயரம், தேக்கு, முன்னால் மெரூன் துணி. இன்னொன்று இரண்டு செங்கல்லை நிறுத்தி வைத்த அளவுதான், வார்னிஷ் கூடச் சரியாக அடிக்கவில்லை. முதலில் பெரியதில் ஒயரை மாட்டினான். திருச்சி நிலையத்தில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. தவில் அடி ஒவ்வொன்றும் மொக்கச்சாமியின் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. அவர் அங்கேயே கவிழ்ந்துவிட்டார். பெரிய கோயில் கொடியேற்றத்தில் முன்வரிசையில் நிற்கிற ஆளின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

பிறகு சின்னது. நாதஸ்வரம் முடிந்து செய்தி வந்தது. வாசிக்கிறவரின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கத்தரித்து எடுத்ததுபோல் வந்தது. ஆனால் கனம் இல்லை.

"என்னப்பா இது, நோஞ்சான் பேசுறாப்ல இருக்கு. பெரிசையே குடு."

"இருங்கண்ணே. கடையில கேட்டு முடிவு பண்ணாதீக. இந்தச் சின்ன ரூமுல எல்லாச் சத்தமும் பெரிசாத்தேன் தெரியும். ரெண்டையும் தூக்கிட்டுப் போயி வீட்டுல வச்சு ஆற அமரக் கேளுங்க. மூலையில ஒட்டி வைக்காதீக, சத்தம் குமுறும். உக்காந்தா காது மட்டத்துக்கு வர்ற மாதிரி பலகையில வைங்க. மதனியும் கேக்கட்டும். வாரம் பூராக் கேக்கப் போறது அவுகதான?"

மொக்கச்சாமி தெருவில் கூலியாள் யாராவது தெரிகிறானா என்று பார்த்தார். "மதனியும் கேக்கட்டும்" என்ற ஒரு சொல் போதும், அவர் பேச்சை விட்டு நழுவப் பார்ப்பார். ஊரில் யார் கேட்டாலும், 'அவ தனியா இருக்கா, பேச்சுத் துணைக்கு ஒண்ணு வேணும்ல, அதுக்குத்தான் ரேடியோ' என்றுதான் சொல்லியிருந்தார். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. கடன் கழிக்கிற மாதிரி எதையாவது அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டே இருந்தார் அவர். போன வருஷம் கரண்டு, அதற்கு முந்தின வருஷம் பித்தளை அண்டா. அவர் பெண்டாட்டி ஆயம்மாள் ஒன்றையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு சங்கடம் இருந்திருக்காது.

ஆயம்மாளுக்கு வலது காது அறவே கேட்காது. ஓடையில் குளித்துக் குளித்து மலைக் குளிர் அடைத்துவிட்டது என்பது ஊரறிந்த காரணம். ஊருக்கு அதைச் சொன்னவர் மொக்கச்சாமி.

உண்மைக் காரணம் ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கார்த்திகை மாதத்தில் இருந்தது. அப்போது ஆயம்மாளும் மலையில்தான் இருந்தாள், காய் உலர்த்துகிற ஸ்டோரில். பச்சை ஏலக்காயை உள்ளே பரப்பி, அடியில் விறகு எரித்து, குழாய்ச் சூட்டில் காயவைப்பார்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். கலகலவென்றால் சரி. இது எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் எடுத்த சூட்டில் எல்லாக் காயும் கலகலக்கும். ஆறின பிறகுதான் உள் ஈரம் தோலுக்கு வந்து சத்தம் மந்தப்படும். ஆயம்மாள் அள்ளிய கையை மூடிக்கொண்டு, சூடு ஆறுகிறவரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் காதுக்குக் கொண்டுபோவாள். அந்தத் தோட்டத்தில் அவள் 'ஆச்சு' என்று சொன்ன காய் ஒரு தடவைகூட மண்டியிலிருந்து திரும்பி வந்ததில்லை. மற்ற தோட்டத்துக்காரர்கள்கூட அவளை வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கார்த்திகையில் கழுதைகள் பொதிக்குத் தயாராக வாசலில் நின்றன. மழை வருவதற்குள் லோடு இறங்க வேண்டும். ஆயம்மாள் காதிலிருந்து கையை எடுத்து, அவரிடம் தனியாக, "ஈரம் இருக்கு. இன்னும் ஒரு பொழுது கெடக்கட்டும்" என்றாள். மொக்கச்சாமி சூட்டோடு ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்த்தார், கலகலவென்றது. "உனக்கு எப்பவும் ஒரு பொழுதுதான்" என்று லோடை ஏற்றி அனுப்பிவிட்டார். பத்தாம் நாள் அத்தனை மூட்டையும் பூசணம் பூத்துத் திரும்பி வந்தது. பின்னாலேயே முதலாளியும் வந்தார்.

"எவன்டா காஞ்சிருச்சுன்னு சொன்னது?"

ஸ்டோரில் இருபது பெண்கள் காய் புடைத்துக்கொண்டிருந்தார்கள். மொக்கச்சாமியின் கை தானாக எழுந்து பெண்டாட்டியைக் காட்டியது. "இவதான் சொன்னா." ஆயம்மாள் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். சொல்லவிடாமல் ஓங்கி ஒன்று விட்டார். வலது காதோடு சேர்த்து விழுந்தது. முதலாளி, "சரி சரி, பொம்பளையைப் போயி" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி வேலை தப்பியது. ஆயம்மாள் காதிலிருந்து மூன்று நாள் ரத்தமும் நீரும் வடிந்தது. நான்காம் நாள் ஸ்டோரில் ஆயம்மாளின் இடத்தில் நின்று மாயக்காள் என்கிற பெண் கை நிறையக் காயை அள்ளிக் காதில் வைத்துப் பார்த்தாள். ஆயம்மாள் சல்லடைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த தை மாதம் அவளைப் போடியில் வீடு பிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அவள் கண்ணில் படாமல் வேலை பார்க்கலாம் என்பது அதில் பாதிக் காரணம். அவள் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

கூலியாள் ஒருவன் தலையில் பெரிய பெட்டியும், தன் கக்கத்தில் சின்னப் பெட்டியும் தோளில் ரேடியோவுமாக மொக்கச்சாமி வீடு வந்து சேர்ந்தார். பாத்திரம் அடுக்கியிருந்த பலகையை ஆயம்மாள் ஒழித்துக் கொடுத்தாள். சின்னமுத்து சொன்னபடியே மூலையை விட்டுத் தள்ளி இரண்டையும் வைத்தார். முதலில் பெரியது.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

ஒயரை மாற்றினார். "இது?"

"இதுவும் நல்லாருக்கு."

"ரெண்டுல எதுன்னு சொல்லு."

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"எனக்குப் பெரிசுதான்."

"ஆமா, பெரிசுதான் நல்லாருக்கு" என்றாள் ஆயம்மாள்.

காரியம் அதோடு முடிந்திருக்கும். மத்தியானம் ரேடியோவில் ஒரு நாடகம் போட்டார்கள். மொக்கச்சாமி பாயில் சாய்ந்திருந்தார். ஆயம்மாள் முறத்தில் துவரம்பருப்பைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாடகத்தில் ஒரு மாப்பிள்ளை மாமனாரிடம் அசடு வழிந்தான். மொக்கச்சாமி சிரித்தார். ஆயம்மாளும் சிரித்தாள். இன்னொரு இடத்தில் அவர் சிரித்தார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, அப்புறம் சிரித்தாள். அந்த 'அப்புறம்' அவருக்கு உறுத்தியது.

அடுத்த தடவை சிரிப்பு வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அவளும் பருப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். நாடகத்தில் அந்த மாப்பிள்ளையின் தாயார் செத்துப்போய், அவனுடைய சின்னப் பெண் ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். மொக்கச்சாமி அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார்.

ஆயம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே அவளும் சிரித்தாள்.

அவருக்குப் பாய்க்குள் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது. பெண்டாட்டிக்கு வைக்கிற பரீட்சையா இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். எழுந்துபோய் ஒன்றும் பேசாமல் ஒயரைச் சின்னப் பெட்டிக்கு மாற்றினார். சத்தத்தைக்கூடக் கூட்டவில்லை. இரண்டு நிமிஷம் போயிருக்கும். முறத்தில் அலைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. இடது காது ரேடியோவுக்கு நேராக வரும்படி தலை மெல்லத் திரும்பியது.

"அடப்பாவமே, அந்தப் புள்ளையோட அப்பத்தா செத்துப்போச்சா?" என்றாள் ஆயம்மாள்.

இடது காதும் மங்கிக்கொண்டு வருகிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரிய பெட்டியின் கனத்த சத்தம் அவளுக்கு வெறும் உறுமல். சின்னதின் நோஞ்சான் குரல்தான் சொல்லாகக் கேட்கிறது. எத்தனை மாதமாக இப்படி? வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அவர் பேசும்போதெல்லாம் அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை மரியாதை என்று நினைத்திருந்தார்.

இதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு நல்ல மனுஷன் என்ன செய்வான் என்பது தெரிந்த விஷயம்தான். மொக்கச்சாமி நாடகம் முடிந்ததும் ஒயரைத் திரும்பப் பெரிய பெட்டியிலேயே மாட்டினார். நாளைக்கு ராசிங்காபுரத்திலிருந்து மச்சான் வருவார். பெரிய பெட்டியை விட்டுவிட்டு ஏன் இந்தச் சொத்தைப் பெட்டி என்று கேட்பார். அவளுக்கு இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். பேச்சு வலது காதுக்குப் போகும். அங்கே போகத்தான் அவருக்குப் பயம்.

ஆயம்மாளின் அண்ணன் வேலுச்சாமி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார், ஒரு கையில் நிலக்கடலைப் பை, இன்னொரு கையில் சின்னக் குப்பி. குப்பிக்குள் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சின வேப்பெண்ணெய். தங்கை காதில் விடுவதற்காக ஆறு வருஷமாக, எப்போது வந்தாலும், அவர் மறக்காமல் கொண்டுவருவார். ஆயம்மாளும் ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துக் கொடுப்பாள். அது நடக்கும்போது மொக்கச்சாமி கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

இன்றைக்குப் போக முடியவில்லை. வேலுச்சாமி ரேடியோ முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அவரையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"மாப்ளே, இதுதேன் பெட்டி! அடிவயித்துல இடிக்குதுய்யா. அந்தச் சின்னதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீக? திருப்பிக் குடுங்க."

"பாக்கலாம் மச்சான்."

"என்ன பாக்குறது? இவளுக்காகப் பாக்குறீகளா?" வேலுச்சாமி குப்பியைத் திறந்துகொண்டே சிரித்தார். "இவ காதுக்கு எந்தப் பெட்டியா இருந்தா என்ன? அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஓடையில தலைக்கு ஊத்தாதடின்னு. கேட்டாளா? எல்லாம் இவ இழுத்து வச்சுக்கிட்டது. இந்தா ஆத்தா, சாய்."

ஆயம்மாள் சிரித்தபடி தலையைச் சாய்த்தாள். எண்ணெய் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. அந்த முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நேற்று அழுகிற இடத்தில் சிரித்த அதே சிரிப்பு என்று மொக்கச்சாமிக்குத் தெரிந்தது. அவளுடைய ஆறு வருஷமும் இந்தச் சிரிப்புத்தானா என்று நினைத்தபோது அவருக்குத் தாங்கவில்லை.

"ஓடை இல்ல மச்சான்" என்றார். "நான் அடிச்சேன். அதுலதான் போச்சு."

குப்பி வேலுச்சாமி கையில் அப்படியே நின்றது. ரேடியோ மட்டும் தன் பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருந்தது. ஆயம்மாள் எண்ணெய் விட்ட காதைப் பொத்திக்கொண்டு அண்ணன் முகத்தையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னண்ணே? என்ன சொல்றாரு?"

மொக்கச்சாமி எழுந்து ரேடியோவை அணைத்தார். அவளுடைய இடது பக்கமாக வந்து குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டியிருந்தது: "நான் அடிச்சுத்தான் உன் காது போச்சுன்னு சொன்னேன்!"

பக்கத்து வீட்டில் உரல் சத்தம் நின்றது.

ஆயம்மாள் அழவில்லை. "அது மட்டுந்தான் சொன்னீகளா?" என்று கேட்டாள்.

"வேற என்ன?"

"காய் காயலைன்னு நான் சொன்னதைச் சொல்லலியா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, அடித்ததைவிட அது பெரிதாக இருந்தது. அவர் ஆறு வருஷமாக ஒரு அடிக்காகக் கூனிக்குறுகிக்கொண்டிருந்தார். அவளுக்கு வலித்துக்கொண்டிருந்தது வேறு இடம்.

"பச்சைக் காயைக் காஞ்ச காய்னு சொன்னவளாம் நான்" என்றாள் ஆயம்மாள். அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. "கொட்டகுடி தோட்டத்துல இருந்து என்னை வந்து கூப்பிட்டுட்டுப் போவாக. அதுக்கப்புறம் ஒருத்தர் கூப்பிட்டாகளா? ஆயம்மா காதை நம்பித்தான் மேஸ்திரி கெட்டாருன்னு என் காதுபடவே சொன்னாளுக. ஒரு காதுதான் போச்சு, இன்னொண்ணு கேட்டுக்கிட்டுத்தான இருந்துச்சு?"

"தப்புதான்" என்றார் மொக்கச்சாமி. "காயலைன்னுதான் மச்சான் சொன்னா. நான்தான் கேக்கல."

வேலுச்சாமி குப்பியை மூடிப் பைக்குள் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "ஆறு வருசமா என் தங்கச்சியவே நான் வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன், மாப்ளே" என்றார். அவர் தன்மேல் கையை ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று மொக்கச்சாமி நினைத்தார்.

ஆயம்மாள் பலகைப் பக்கம் போய் ஒயரைத் தானே சின்னப் பெட்டியில் மாட்டினாள். "இதுதான் எனக்கு வேணும். இதுலதான் பேச்சு கேக்குது" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போகிற போக்கில், "மலையில அத்தனை பேரு முன்னாடித்தான அடிச்சீக? எங்க அண்ணன் ஒருத்தர்கிட்டச் சொன்னா ஆச்சா?" என்றாள்.

திங்கட்கிழமை காலை பெரிய பெட்டியைச் சின்னமுத்து கடையில் இறக்கிவிட்டு, தோட்டத்து ஜீப்பு நிற்கிற இடத்துக்கு மொக்கச்சாமி போனபோது, ஆயம்மாள் ஏற்கெனவே பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க சொல்றது எனக்குக் கேக்கணும்" என்றாள். அவர் ஏறி அவளுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தார், பிறகு இறங்கிச் சுற்றிவந்து இடது பக்கத்தில் உட்கார்ந்தார். குரங்கணியில் இறங்கி இரண்டு பேரும் தோட்டத்துக்கு ஏறினார்கள்.

ஸ்டோரில் அன்றைக்கும் பதினெட்டு, இருபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அந்தக் கார்த்திகையிலும் இருந்தவர்கள். மேஸ்திரி நடுவில் நின்று ஆயம்மாள் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொன்னார். அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதால் கத்திச் சொன்னார். காயலை என்று அவள் சொன்னது, தான் சூட்டோடு குலுக்கிப் பார்த்து லோடு ஏற்றியது, அவள் மேல் பழி போட்டது, அடித்தது. எல்லாம் நாலே வாக்கியம். ஆறு வருஷமாக மலைபோல் தெரிந்தது, சொல்லி முடிக்க அடுப்பில் விறகு வெடித்து அடங்குகிற நேரம்கூட ஆகவில்லை. மேஸ்திரியை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் ஆயம்மாளைப் பார்த்தார்கள்.

மாயக்காள்தான் முதலில் எழுந்தாள். உலர்த்தும் தட்டிலிருந்து இரண்டு கையாலும் காயை அள்ளிக்கொண்டு வந்து, "மதனி, நீங்களே பாத்துச் சொல்லுங்க. இந்த லோடு எனக்குச் சந்தேகமாத்தேன் இருக்கு" என்று நீட்டினாள்.

ஆயம்மாளின் முகம் மலர்ந்ததை மொக்கச்சாமி பார்த்தார். அவள் ஒரு கை அள்ளி மூடிக்கொண்டாள். பழைய பழக்கப்படியே சூடு ஆறுகிறவரை கண்ணை மூடி நின்றாள். பிறகு கையை இடது காதுக்குக் கொண்டுபோய்க் குலுக்கினாள். தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்து, காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடி குலுக்கினாள். மூன்றாம் தடவையும் குலுக்கினாள்.

மொக்கச்சாமி நின்ற இடத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது.

ஆயம்மாள் கண்ணைத் திறந்தாள். சிரிக்கவில்லை. "எனக்குக் கேக்கலை மாயக்கா" என்றாள். திரும்பி, புருஷன் கையைப் பிடித்து விரித்து, காயை அதில் கொட்டினாள்.

"நீங்க கேட்டுச் சொல்லுங்க. இன்னும் உள்சூடு இருக்கு. நல்லா ஆற விட்டுக் கேளுங்க."

மொக்கச்சாமி கையை மூடிக்கொண்டு அத்தனை பேருக்கும் முன்னால் நின்றார். காய் ஆற வெகுநேரம் பிடித்தது.